கடல் வராத பள்ளம்

2006 மாசி மாதம் எங்கள் ஊருக்கு வந்த ஒரு பெண்ணிடம் நான் சொன்னேன்: "எல்லாம் சுனாமியோட போட்டுது தங்கச்சி. உப்புத்தண்ணி ஏறின நிலத்தில அது பிறகு முளைக்கேல்லை."

அவர் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பல்கலைக்கழகத்திலிருந்து கரையோரச் செடிகொடிகளைப் பார்க்க வந்தவர். விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் சொல்வதைச் சந்தேகிக்க அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

கடல் அந்தப் பள்ளத்துக்கு வரவேயில்லை.

சல்லியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருகோணமலை நகரிலிருந்து வடக்கே, உப்புவெளி தாண்டி, கடலை ஒட்டிக் கிடக்கிற மீன்பிடி ஊர் எங்களுடையது. முத்துமாரியம்மன் கோயிலால்தான் வெளியூர்ச் சனத்துக்கு எங்கள் பெயர் தெரியும். 2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் எழும்பி வந்தது. வள்ளங்களும் வலைகளும் வீடுகளும் போயின. மனிசர் போனார்கள். அந்தத் தண்ணீர் வந்து நின்ற கோட்டை நான் கண்ணால் பார்த்தவன். வலைத்துண்டும் செருப்பும் பிளாஸ்டிக் போத்தலுமாக ஒதுங்கிக் கிடந்த கோடு. நான் சொல்லும் பள்ளம் அதற்கு வெகு தூரம் மேற்கே, தெருவுக்கும் அங்கால் கிடக்கிறது. ஒரு துளி உப்புத்தண்ணீர் அதைத் தொடவில்லை. அங்கே வளர்ந்த பூச்சியுண்ணும் செடிகள் கடல் வருவதற்குப் பத்து மாதம் முந்தியே இல்லாமல் போய்விட்டன. அவற்றை மண்வெட்டியால் கிண்டி எடுத்தவன் நான். ஊரெல்லாம் ஒப்பாரி வைத்த ஒரு பேரழிவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். இருபது வருடமாக வெளியே சொல்லாமல் வைத்திருந்தது இதுதான்.

ஆனால் பொய் அன்றைக்குத் தொடங்கவில்லை. 2003 தை மாதம், பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய கிழமையில் தொடங்கியது.

எட்டாம் ஆண்டு வகுப்பு. பூச்சி உண்ணும் தாவரம் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாடப் புத்தகத்தில் இருந்தது குடுவைச் செடியின் படம். சிங்களத்தில் பாந்துரா என்பார்கள்; இலங்கைக்கே உரியது; சிங்கராஜா போன்ற ஈரக்காட்டுப் பக்கம் வளர்வது. பதினொரு வருடமாக அதே படத்தைக் காட்டி, "இதெல்லாம் மழைக்காட்டுச் சாமான், எங்கட பக்கம் இல்லை" என்று சொல்லி முடிப்பதுதான் என் வழக்கம். அடுத்த நாள் ஒரு பிள்ளை சிரட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். உள்ளே ஈர மணல். மணலில் ஒட்டினாற்போல், இரண்டு ரூபாய்க் குற்றி அளவில், சிவப்பாக ஒரு செடி.

"சேர், இதுவும் பூச்சியப் பிடிக்குது. எறும்பை விட்டா மயிர் மடங்குது. பத்து எண்ண முதல் மடங்குது சேர்."

நான் அதை ஒழுங்காகக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரியாது என்று ஒப்புக்கொள்ள வேண்டி வரும் என்பது எனக்குப் பார்க்க முன்னமே தெரிந்திருந்தது. "வெயிலில வதங்கின பாசி பிள்ளை இது. மாடு மேய்க்கப் போற இடத்தில விஞ்ஞானம் படிக்க வேண்டாம்" என்றேன். வகுப்பு சிரித்தது. சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். பிறகு சிரட்டையை எடுத்து யன்னலுக்கு வெளியே கொட்டினேன். அவளுடைய வீட்டில் நான்கைந்து மாடுகள் இருந்தன. பின்னேரங்களில் அவள்தான் சாய்த்துக்கொண்டு போவாள். அதைத் தெரிந்தே சொன்ன சொல் அது.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு இடாப்பை எடுக்கப் போனேன். அதன் மட்டையில் ஒரு இலை ஒட்டிக்கொண்டிருந்தது. சிரட்டையைத் தூக்கியபோது ஒன்று கழன்று விழுந்திருக்கிறது. விரலால் தட்டினேன், போகவில்லை. இழுத்தபோது மெல்லிய நூல் ஒன்று இழுபட்டு வந்தது. அலுமாரியிலிருந்து கைவில்லையை எடுத்து யன்னலோரம் கொண்டுபோனேன். கரண்டி வடிவில், சுண்டுவிரல் நகத்திலும் சின்ன இலை. மேற்பரப்பு முழுக்கச் சிவப்பு மயிர்கள். ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு குமிழ், குமிழைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு துளி. நடுவில் ஒரு நுளம்பு. அதன் ஒரு கால் மட்டும் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. விளிம்பிலிருந்த நீண்ட மயிர்கள் உள்பக்கம் வளைந்து, அதன் இறகை இலையோடு அமத்தி வைத்திருந்தன.

அந்தப் பின்னேரமே எனக்கு உண்மை தெரியும். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு இடமில்லை. காலையில் செய்தது அறியாமை கலந்த திமிர் என்று வைத்தாலும், பின்னேரத்துக்குப் பிறகு நடந்த ஒவ்வொன்றும் அறிந்து செய்தது. அடுத்த நாள் வகுப்பில் "நேற்று நான் சொன்னது பிழை" என்று நான்கு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இடாப்பைக் கூப்பிட்டேன். அவளுடைய பெயருக்கு அவள் "ஓம் சேர்" என்றாள். நான் அடுத்த பாடத்தைத் தொடங்கினேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தச் செடிமேல் பைத்தியம் பிடித்தது. பாசமும் களவும் ஒன்றாகவே வளர்ந்தன என்றுதான் சொல்ல முடிகிறது. கிடைத்த புத்தகமெல்லாம் தேடிப் படித்தேன். ட்ரொசெரா பேர்மானி என்பது அதன் அறிவியல் பெயர். மாரியில் முளைத்து, பூத்து, விதை கொட்டி, கோடையில் செத்துப்போகிற ஓராண்டுப் பூண்டு. நைதரசன் குறைந்த வறட்டு மணலில் வளர்வதால், மண் கொடுக்காததைப் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. துளி பனியல்ல, பசை. அதனால் உச்சிவெயிலிலும் காய்வதில்லை. பூச்சி ஒட்டியதும் சமிபாட்டு நொதியங்கள் சுரந்து, மெல்லிய உடலைக் கரைத்து உறிஞ்சிவிட்டு, வெறும் கோதை விட்டுவிடுகிறது. சார்ள்ஸ் டார்வின் 1860 இல் தன் நண்பர் லையலுக்கு எழுதிய கடிதத்தில், உலகிலுள்ள உயிரினங்களெல்லாம் எப்படித் தோன்றின என்பதைவிட இந்த இனச் செடியில்தான் தனக்கு அக்கறை என்று சொன்னார். அப்போது அவருடைய பெரிய நூல் வெளிவந்து ஒரு வருடம்தான். 1875 இல் பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றியே தனி நூல் எழுதினார். அவர் ஆராய்ந்தது இங்கிலாந்துச் சதுப்பில் வளரும் இனத்தை. அது மெல்ல மெல்ல வளைவது. எங்கள் ஊர் மணலில் கிடக்கிற இனம் நொடிக் கணக்கில் வளைகிறது. இந்தப் பேரினத்திலேயே மிக வேகமானவற்றில் ஒன்று. பத்து எண்ண முதல் என்று பதின்மூன்று வயதுப் பிள்ளை சொன்னது அச்சொட்டான அளவு.

தமிழில் அதற்குப் பெயர் இருந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது. அம்மாவிடம் காட்டியபோது ஒரு கணம் பார்த்துவிட்டு, "அழுகண்ணி எல்லே" என்றார். சித்த வைத்தியர்கள் தொழுகண்ணியோடு சேர்த்துச் சொல்லும் அதே அழுகண்ணி. கடற்கரை உப்பு நிலத்தில் வளரும் வேறொரு பூண்டையும் சிலர் அப்படிச் சொல்வதுண்டு. சிங்களத்தில் இதன் நெடிய உறவுச் செடிக்குக் கந்துளெஸ்ஸ என்று பெயர். கந்துளு என்றால் கண்ணீர். இரண்டு மொழிக்காரரும் தனித்தனியே குனிந்து பார்த்து, அழுகிற கண்ணைத்தான் கண்டிருக்கிறார்கள். பட்டம் பெற்ற நான் பாசி என்றேன்.

செடி வளரும் இடம் எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்க வாய் வரவில்லை. அவளுடைய தம்பி நான்காம் ஆண்டில் படித்தான். இடைவேளையில் அவனைக் கூப்பிட்டு, இரண்டு டொபி கொடுத்து, "அக்கா அந்தச் சிவப்புப் புல்லை எங்கயடா பிடுங்கினவ?" என்று கேட்டேன். அவன் கைநீட்டிக் காட்டினான். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. களவுக்குச் சின்னப் பிள்ளையைச் சாவியாக்கினேன்.

அந்தப் பள்ளத்துக்கு அந்த மாரி முழுக்க மாடுகள் திரும்பிய பிறகு, தனியாகப் போய்வந்தேன். வெள்ளை மணல், மழைத்தண்ணீர் ஊறி ஊறிக் கசிந்துகொண்டே இருக்கும் தாழ்வு. பற்றை இல்லை, நிழல் இல்லை. சாய்வெயில் பட்டால் நிலம் முழுக்கக் குங்குமத் துளி தெளித்த மாதிரி இருக்கும். முழங்காலில் இருந்து எறும்பை விட்டேன். எண்ணினேன்.

2004 இல் வலயக் கல்விக் கண்காட்சி வந்தது. யுத்த நிறுத்தக் காலம். வீதிகள் திறந்திருந்தன, வெளியூரிலிருந்து ஆட்கள் வந்துபோனார்கள். நான் மண்வெட்டியும் பெட்டியும் கொண்டு பள்ளத்துக்குப் போனேன். நிறையக் காட்டினால்தான் மதிப்பு என்று நினைத்தேன். அந்தப் பள்ளத்தில் கண்ணுக்குப் பட்ட அத்தனையையும், மேல்மண்ணோடு வழித்து எடுத்தேன். அறுபத்துநான்கு செடி. பாதிக்கு மேல் மெல்லிய தண்டு எறிந்து, வெள்ளைப் பூ விட்டிருந்தன. விதை முற்றவில்லை. ஓராண்டுப் பூண்டை விதைக்கு முன் பிடுங்கினால் அடுத்த மாரிக்கு என்ன மிஞ்சும் என்பது எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. அந்தப் பாடத்தைப் படிப்பித்தவனும் நான்தான்.

தயிர்ச் சட்டிகளில் நட்டு, மேசையில் அடுக்கி, பெரிய அட்டையில் எழுதி வைத்தேன். மேலே செடியின் பெயர். கீழே, 'சல்லியில் கண்டறிந்தவர்' என்று என் பெயர். பக்கத்தில் 'அவதானம்: மயிர்கள் பத்து எண்ணுவதற்குள் வளைகின்றன.' அவளுடைய வசனத்தை எழுத்துத் தமிழாக்கி எனதாக்கினேன். வந்த அதிகாரிகள் பாராட்டினார்கள். ஒரு சான்றிதழ் தந்தார்கள்.

பேர்மானி என்ற பெயரில் இருப்பவர் யொஹானஸ் பேர்மன், ஆம்ஸ்ரடாம் நகரத்துத் தாவரவியலாளர். இலங்கைத் தாவரங்கள் பற்றி 1737 இல் பெரிய நூல் வெளியிட்டார். அவர் இலங்கையில் கால் வைத்ததில்லை. யாரோ பிடுங்கி, காயவைத்து, கப்பலேற்றி அனுப்பியதைப் பார்த்து எழுதினார். வாஹ்ல் என்ற தாவரவியலாளர் 1794 இல் அவருடைய பெயரை இந்தச் செடிக்குச் சூட்டினார். முதலில் குனிந்து பார்த்துக் காட்டிய ஊர்க்காரன் யார் என்று எந்த ஏட்டிலும் இல்லை. இதைப் படித்தபோது கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே அட்டையில் என் பெயரைத் தடித்த எழுத்தில் எழுதினேன். இரண்டையும் ஒரே மனத்தில் வைத்திருக்க முடிந்தது.

கண்காட்சியின் இரண்டாம் நாள் எங்கள் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். அவளும் வந்தாள். அட்டையை மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். பிறகு சட்டிகளைப் பார்த்தாள். இலைகளின் விளிம்பு அதற்குள் பழுப்பேறத் தொடங்கியிருந்தது, துளிகள் வற்றியிருந்தன. அவள் என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"சேர், இதுக்குக் கிணத்துத் தண்ணியா விட்டனீங்கள்?"

"ஓம்" என்றேன். அவள் வரிசையோடு போய்விட்டாள்.

கிணற்றுத் தண்ணீர் மட்டுமல்ல, செழிக்கட்டும் என்று சாணமும் கரைத்து விட்டிருந்தேன். வறட்டு மண்ணுக்கென்றே அமைந்த வேர் அது. நாங்கள் கத்தரிக்கும் மிளகாய்க்கும் போடுகிற பசளை அதற்கு நஞ்சு. எங்கள் பக்கக் கிணற்றுச் சவரும் நஞ்சு. மழைத்தண்ணீர் ஒன்றுதான் அது குடிப்பது. கண்காட்சி முடிந்து, ஆளுக்கொரு சட்டியாக வந்தவர்களுக்குக் கொடுத்தேன். மிஞ்சியவற்றை வீட்டு விறாந்தையில் வைத்தேன். பங்குனி பிறக்க முன் ஒன்றும் உயிரோடு இல்லை. அந்த வருடம் மாரி தொடங்கி, கார்த்திகை முழுக்க மழை ஊற்றியது. பள்ளத்துக்குப் போய்ப் பார்த்தேன். வெறும் மணல். அடுத்த மாதம் கடல் வந்தது.

இனி 2006 இல் வந்த பெண். கண்காட்சிச் செய்தி எங்கேயோ அவர் காதில் விழுந்திருக்கிறது. பள்ளத்தைக் காட்டும்படி கேட்டார். கூட்டிப் போனேன். அங்கே நின்றுதான் முதலில் சொன்ன அந்தப் பொய்யைச் சொன்னேன். எழுதி முடித்தவர் திரும்பவில்லை. சட்டென்று முழங்காலில் இருந்து, ஈர மணலில் ஊசி போல் நின்ற ஒரு தண்டைக் காட்டினார். நுனியில் மிளகளவு மஞ்சள் பூ. நான் நூறு தடவை மிதித்து நடந்த பூ. அதுவும் பூச்சியுண்ணிதான் என்றார், யூட்ரிக்குலேரியா. மண்ணுக்குள் குண்டூசித் தலையிலும் சின்னப் பைகளை வைத்திருக்கிறது. பையிலிருந்து தண்ணீரை வெளியேற்றி, இறுக்கி மூடிக் காத்திருக்கும். வாசல் மயிரில் ஏதும் பட்டால் கதவு திறந்து, ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கை விடக் குறைந்த நேரத்தில் உள்ளே உறிஞ்சிவிடும், பிறகு கதவு மூடிக்கொள்ளும். இதே குடும்பத்தில் பிங்குயிகுலா என்று ஒன்று உண்டு. மத்தியதரைக் கடலோர நாடுகளில் தண்ணீர் கசியும் பாறைகளிலும் ஈர நிலங்களிலும் வளர்வது. இலை வெண்ணெய் பூசிய மாதிரி வழுவழுப்பாக இருக்கும், அதில் பூச்சி ஒட்டி மாளும். கொழுப்பு என்ற லத்தீன் சொல்லில் இருந்துதான் அந்தப் பெயரே. அவர் சொல்லச் சொல்ல, மண்ணில் முழங்கால் படிய இருந்த அவருடைய முகத்தில் நான் அந்தப் பிள்ளையின் முகத்தைக் கண்டேன். அப்போதாவது "தங்கச்சி, நான் முந்திச் சொன்னது பொய், அந்த வரியை வெட்டிவிடுங்கோ" என்று சொல்லியிருக்கலாம். பேனை அவர் கையில்தான் இருந்தது.

சொல்லவில்லை. கடலுப்பால் அழிந்தது என்று ஒரு பிழையான தகவல், ஆசிரியன் ஒருவனின் வாக்காக, எங்கேயோ ஒரு கோப்பில் ஏறிவிட்டது. விஞ்ஞானம் படிப்பித்தவன் செய்யக்கூடிய துரோகங்களில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பல்கலைக்கழகத் துறைக்குக் கடிதம் எழுதினேன். அப்படியொருவர் இப்போது இங்கே இல்லை என்று பதில் வந்தது. அதனால்தான் இதை எல்லாரும் பார்க்க எழுதுகிறேன். எங்காவது அவர் கண்ணில் பட்டால், அந்த வரியை வெட்டட்டும்.

அந்தப் பிள்ளை உயர்தரத்தில் கலைப்பிரிவை எடுத்தாள். விஞ்ஞானத்தை விட்டது என்னால்தான் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. என்னால் இல்லை என்று சொல்லவும் வாய் வருவதில்லை. இப்போது வவுனியாவில் தையற்கடை வைத்திருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். போன வருடம் தாயிடம் இலக்கம் வாங்கி அழைத்தேன். மூன்று நாள் எடுத்துவிட்டு வைத்தேன், நான்காம் நாள்தான் பேசினேன். சிரட்டை, இலை, அட்டை, மண்வெட்டி, கடல் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். மறுபக்கத்தில் தையல் மெசின் ஓடும் சத்தம் நின்றது.

"தெரியும் சேர்" என்றாள். "தம்பி அண்டைக்கே வந்து சொல்லிட்டான். டொபியில ஒண்டை எனக்குத் தந்தவன்."

என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. நான் களவென்று மறைத்ததெல்லாம் அந்த வீட்டில் முதல்நாளே தெரிந்திருக்கிறது. அந்த ஒரு வருடம் முழுக்க அவள் என் முன்னால் இருந்து "ஓம் சேர்" என்று சொல்லியிருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும்படி நானும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப இருக்கோ சேர், அது?" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. நான் ஒவ்வொரு மாரியும் போய்ப் பாக்கிறனான்."

"எங்க பாத்தனீங்கள்?"

மணல் வெளியைச் சொன்னேன்.

"வெளியில பாத்தா இப்ப இருக்காது சேர். புல்லு வந்திருக்கும். மாடு போற தடத்தில பாருங்கோ. குளம்பு பட்ட குழியிலதான் புல்லு வராது, தண்ணி நிக்கும். தைக் கடைசியில போங்கோ."

இந்த வருடம் தைக் கடைசியில் போனேன். விடியற்காலை, வாடைக்காற்று. பள்ளத்தில் பாதிக்கு மேல் இப்போது கோரையும் புல்லும் மண்டிவிட்டது. இன்னும் யாரோ மாடு சாய்க்கிறார்கள். தடம் நடுவே ஓடுகிறது. குடையை ஊன்றி, ஒவ்வொரு குளம்புக் குழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். முழங்கால் முன்போல் மடங்குவதில்லை. தடம் வளைகிற இடத்தில், ஒரு குழியின் உட்சுவரில், ஒரு சதக் குற்றி அளவில் சிவப்பாக ஒன்று இருந்தது. பக்கத்துக் குழியில் இரண்டு. மொத்தம் ஒன்பது. இருபது வருடத்துக்கு மேல் அந்த மண்ணுக்குள் கிடந்த விதையா, அன்று என் மண்வெட்டிக்குத் தப்பிய ஏதோ ஒன்றின் வழியா, எனக்குத் தெரியாது.

நான் தொடவில்லை. கைத்தொலைபேசியில் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். கடை திறக்கும் நேரமாக இருக்க வேண்டும். உடனே பதில் வந்தது.

"மூண்டாவது படத்தில இலைக்குக் கீழ எறும்பு வருது சேர். நிண்டு எண்ணுங்கோ."

நின்றேன்.